வளையத்தின் எல்லை முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது

எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி பிராக்டிகல் தேர்வில் சீட்டு எடுக்கும்போது டிஸ்க் டிஃப்யூஷன் (மருந்து ஏற்றிய காகித வில்லையை பாக்டீரியா பூசிய அகாரில் வைத்து, எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனை) வந்தால் அதிர்ஷ்டம் என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். கல்ச்சரை ஸ்வாபால் பூசி, நாலைந்து டிஸ்க் வைத்து, மறுநாள் டிஸ்க்கைச் சுற்றி வளர்ச்சியில்லாமல் நிற்கும் வளையத்தை ஸ்கேலால் அளந்து, அட்டவணையைப் பார்த்து எஸ் (சென்சிடிவ், மருந்து வேலை செய்யும்), ஐ (இன்டர்மீடியட், இடைப்பட்டது), ஆர் (ரெசிஸ்டன்ட், வேலை செய்யாது) என்று எழுதினால் வேலை முடிந்தது. பி.எஸ்ஸி. காலத்திலிருந்தே கைப்பழக்கமான சோதனை. ஆனால் ஒரே ஸ்ட்ரெய்னை வகுப்பு முழுவதற்கும் கொடுத்து, எல்லோருடைய அளவுகளையும் பலகையில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஒரே மருந்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். பல மருந்துகளுக்கு சென்சிடிவ் எல்லைக்கும் ரெசிஸ்டன்ட் எல்லைக்கும் நடுவில் இருப்பதே மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அப்படியென்றால் அந்த வகுப்பில் பாதிப் பேர் எழுதியது நோயாளிக்கு எதிரான ரிப்போர்ட்.

டிஸ்க்கில் மருந்து வைத்துப் பார்க்கும் வழக்கம் 1940களிலேயே வந்துவிட்டது. ஆளுக்கொரு மீடியம், ஆளுக்கொரு டிஸ்க் அளவு என்று இருந்ததை 1966-ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் நால்வரும் ஒரே நடைமுறையாகக் கட்டிவைத்தார்கள். இன்றைக்கு கிர்பி-பாவர் என்று நாம் சொல்வது அதைத்தான். 4 மி.மீ. அகார் ஆழம், 0.5 மெக்ஃபார்லேண்ட் (பாக்டீரியாக் கலங்கலின் அடர்த்தி அளவு), 15 நிமிடம், 35 டிகிரி என்று ரெக்கார்டு நோட்டில் நாம் எழுதும் எண்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு விஷயத்தைக் கட்டுப்படுத்த வந்தவை. அதைப் புரிந்துகொண்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அந்த விஷயம் இது. டிஸ்க் அகாரைத் தொட்ட உடனே அதிலுள்ள மருந்து ஈரத்தில் கரைந்து வெளியே பரவத் தொடங்குகிறது. அதே நேரத்தில் பூசிய பாக்டீரியாவும் பெருகத் தொடங்குகிறது. இரண்டுக்கும் ஓட்டப்பந்தயம். ஓர் இடத்தில் பாக்டீரியாவின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அடர்த்தியைத் தாண்டும் முன் தடுக்கக்கூடிய அளவு மருந்து அங்கே வந்துசேர்ந்தால் அந்த இடம் தெளிவாக நிற்கும். பிந்தி வந்தால் அங்கே வளர்ச்சி மூடிக்கொள்ளும். அந்தத் தருணத்துக்குக் கிரிட்டிகல் டைம் என்று பெயர். வேகமாக வளரும் ஈ.கோலை மாதிரியான பாக்டீரியாவுக்கு இது முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. மிச்ச நேரம் முழுவதும் ஏற்கனவே முடிவான எல்லை கண்ணுக்குத் தெரியும்படி அடர்த்தியாவதற்கு மட்டுமே. ஆகவே எது பாக்டீரியாவைத் தாமதப்படுத்தினாலும் வளையம் பெரிதாகும். எது மருந்தைத் தாமதப்படுத்தினாலும் சிறிதாகும். வைவாவில் எக்ஸ்டர்னல் எந்தப் பக்கமிருந்து கேள்வி கேட்டாலும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பதிலைப் பிடித்துவிடலாம்.

அகார்

முல்லர்-ஹிண்டன் அகார் 1941-ல் கோனோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் வளர்ப்பதற்காக உருவானது. ஆன்டிபயாடிக் சோதனைக்கு அது நிலைத்துவிட்டதற்குக் காரணம், சல்ஃபா, டிரைமெத்தோப்ரிம் போன்றவற்றின் வேலையைக் கெடுக்கும் பொருள்கள் அதில் குறைவு. பெரும்பாலான நோய்க்கிருமிகள் அதில் நன்றாக வளரும். பேட்ச்சுக்கு பேட்ச் பெரிதாக மாறாது. லிட்டருக்கு மாட்டிறைச்சிச் சாறு, அமிலத்தால் சிதைத்த கேசின் 17.5 கிராம், ஸ்டார்ச் 1.5 கிராம், அகார் 17 கிராம். ஸ்டார்ச் உணவாகப் போடப்பட்டதில்லை. அகாரிலிருந்து வரும் நச்சுத்தன்மையுள்ள கொழுப்பமிலங்களை உறிஞ்சிக்கொள்வது அதன் வேலை.

கடையில் வாங்கும் பொடி பெரும்பாலும் லிட்டருக்கு 38 கிராம். கொதிக்கவைத்து முழுதாகக் கரைத்து, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ். ஆட்டோகிளேவை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய், அரை நாள் கழித்துத் திறக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வளவு நேரம் சூட்டிலேயே கிடந்தால் பி.ஹெச். இறங்கும், ஜெல்லும் இளகும். 45–50 டிகிரிக்கு ஆறவைத்து ஊற்ற வேண்டும்.

எவ்வளவு ஊற்றுவது? இங்கேதான் பெரும்பாலான கல்லூரி லேபுகள் தடுக்கி விழுகின்றன. 90 மி.மீ. பிளேட்டின் பரப்பு சுமார் 63.6 சதுர செ.மீ. ஆழம் 4 மி.மீ. வேண்டுமென்றால் 25 மில்லி ஊற்றியாக வேண்டும். ஒரு லிட்டரில் 40 பிளேட்தான் வரும். சிக்கனம் பார்த்து 16 மில்லி ஊற்றினால் 60 பிளேட்டுக்கு மேல் வரும், ஆழம் 2.5 மி.மீ.யில் நின்றுவிடும். மருந்து பக்கவாட்டில் மட்டும் பரவுவதில்லை, கீழேயும் இறங்குகிறது. கீழே இடம் குறைந்தால் பக்கவாட்டுச் செறிவு கூடும், வளையம் விரியும், ரெசிஸ்டன்ட் பாக்டீரியா சென்சிடிவ் வேடம் போடும். ஆழம் அதிகமானால் தலைகீழ். முதல் தவறு இரண்டாவதைவிட ஆபத்தானது, ஏனென்றால் வேலை செய்யாத மருந்தை வேலை செய்யும் என்று சொல்கிறது.

ஆழத்தைச் சரிபார்க்க எளிய வழி தராசு. காலிப் பிளேட்டை எடைபோட்டு, ஊற்றி உறைந்த பிறகு மீண்டும் எடைபோடுங்கள். சுமார் 25 கிராம் கூடியிருக்க வேண்டும். ஊற்றும் மேசை சமதளமா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் அவசியம். ஒருபக்கம் சாய்ந்த பிளேட்டில் வளையம் வட்டமாக வராமல் முட்டை வடிவத்தில் வரும், மாணவரும் வசதியான விட்டத்தைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடுவார்.

பி.ஹெச். 7.2 முதல் 7.4 வரை இருக்க வேண்டும். அதைச் சூடான திரவத்தில் பார்க்காமல், அறை வெப்பத்துக்கு வந்து உறைந்த பிறகு பார்க்க வேண்டும். சர்ஃபேஸ் எலக்ட்ரோடு இல்லையென்றால் ஒரு சிறிய பீக்கரில் எலக்ட்ரோடு முனையைச் சுற்றி அகாரை உறையவிட்டுப் படிக்கலாம். பி.ஹெச். இறங்கினால் ஜென்டாமைசின், எரித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகைகள் பலமிழந்த மாதிரித் தெரியும்; டெட்ராசைக்ளின் பலம் கூடியதுபோல் தெரியும். பி.ஹெச். ஏறினால் இது அப்படியே திரும்பிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் இந்தப் பிளேட்டை வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: அந்த வாயு அகாரின் மேற்பரப்பை அமிலமாக்கும்.

மீடியம் பற்றி இன்னும் இரண்டு. கால்சியம், மக்னீசியம் அயனிகள் அதிகமானால் சூடோமோனாஸில் ஜென்டாமைசின், அமிகாசின் வளையங்கள் சுருங்கும், குறைந்தால் விரியும். தைமிடின் அதிகமிருந்தால் கோ-ட்ரைமாக்சசோல் (சல்ஃபாவும் டிரைமெத்தோப்ரிமும் சேர்ந்த மருந்து) வளையத்துக்குள் மங்கலான வளர்ச்சி தெரியும், ஏனென்றால் மருந்து அடைத்த பாதையை பாக்டீரியா தைமிடினை வைத்துச் சுற்றிப் போய்விடுகிறது. புது லாட் பொடி வந்தால் எண்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் ஏ.டி.சி.சி. 29212 என்ற தரக்கட்டுப்பாட்டு ஸ்ட்ரெய்னைப் போட்டுக் கோ-ட்ரைமாக்சசோல் டிஸ்க் வையுங்கள். 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் தெளிவான வளையம் வந்தால் பொடி நல்லது.

கலங்கல்

0.5 மெக்ஃபார்லேண்ட் ஸ்டாண்டர்டை லேபிலேயே தயாரிக்கலாம். பேரியம் குளோரைடு டைஹைட்ரேட் 1.175 சதவீதக் கரைசல் 0.5 மில்லியை, 1 சதவீத கந்தக அமிலம் 99.5 மில்லியில் விடாமல் கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். கலக்காமல் கொட்டினால் பேரியம் சல்ஃபேட் துகள்கள் பெரிதாகக் கட்டிப்படும். ஸ்பெக்ட்ரோவில் 625 நானோமீட்டரில், 1 செ.மீ. குவெட்டில், 0.08 முதல் 0.13 வரை படிக்க வேண்டும். கல்ச்சர் கலங்கலுக்கு எந்தக் குழாய் பயன்படுத்துகிறோமோ அதே அளவுக் குழாயில் 4–6 மில்லி ஊற்றி, இறுக்கி மூடி, இருட்டில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் வார்டெக்ஸில் கலக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேலே தெளிந்த திரவத்தோடு ஒப்பிட்டால் கலங்கல் எப்போதும் நீர்த்தே இருக்கும். மாதம் ஒருமுறை மீண்டும் படித்துப் பாருங்கள்.

சரியான கலங்கலில் மில்லிக்கு 1 முதல் 2 × 10⁸ உயிருள்ள செல்கள் இருக்கும். இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஒரே தோற்றமுள்ள மூன்று முதல் ஐந்து காலனிகளின் உச்சியைத் தொட்டெடுத்து 4–5 மில்லி ட்ரிப்டிக் சோய் பிராத்தில் (திரவ மீடியத்தில்) போட்டு, 35 டிகிரியில் 2 முதல் 6 மணி நேரம் வளர்த்து, ஸ்டாண்டர்டுக்குச் சமமாக சலைனில் நீர்ப்பது. மற்றது, 18–24 மணி நேர அகார் கல்ச்சரிலிருந்து காலனிகளை நேராக சலைனில் கரைப்பது. செஃபாக்சிட்டின் வைத்து எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலினுக்கு ரெசிஸ்டன்ட் ஆன ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) தேடும்போது இரண்டாவதே சரி. எந்த வழியானாலும் மெக்கான்கி மாதிரியான செலக்டிவ் மீடியத்திலிருந்து காலனி எடுக்காதீர்கள். அடக்கப்பட்டு உயிரோடு கிடக்கும் வேறு பாக்டீரியா காலனிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே காலனியோடு நிறுத்துவதும் சரியில்லை. ரெசிஸ்டன்ஸ் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டை (சிறு டி.என்.ஏ. வட்டத்தை) இழந்த ஒரு காலனி கையில் சிக்கினால் ரிப்போர்ட்டே மாறிவிடும்.

இரவு முழுக்க வளர்ந்த பிராத்தை அப்படியே ஸ்வாபில் தோய்ப்பதுதான் மிகவும் பரவலான குறுக்குவழி. அதில் மில்லிக்கு 10⁹ அளவில் செல்கள் இருக்கும், அதாவது ஐந்து பத்து மடங்கு அதிகம். பாக்டீரியா ஓட்டத்தை முன்கூட்டியே தொடங்கிவிட்டது என்று அர்த்தம், வளையம் சுருங்கும். பெனிசிலின் வகை மருந்துகளை உடைக்கும் பீட்டா லாக்டமேஸ் நொதியைச் சுரக்கும் ஸ்ட்ரெய்ன் என்றால் நொதியும் சேர்ந்து குவிந்து இன்னும் மோசமாகும். மறுபக்கம், கலங்கல் நீர்த்துப்போனால் அடுத்த நாள் பிளேட்டில் புல்வெளி மாதிரித் தொடர்ச்சியான வளர்ச்சிக்குப் பதில் தனித்தனிக் காலனிகள் தெரியும். அப்படித் தெரிந்தால் அளக்கவே வேண்டாம், மீண்டும் போடுங்கள்.

கண்ணால் ஒப்பிடுபவர்கள், கருப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டையைக் குழாய்களுக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். கோடு இரண்டிலும் ஒரே அளவு மங்க வேண்டும். சரிசெய்த கலங்கலை 15 நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். ஐரோப்பாவில் இந்தச் சோதனைக்கு விதி வகுக்கும் யூகாஸ்ட் அமைப்பு இதை 15-15-15 என்று சுருக்கமாகச் சொல்கிறது: கலங்கல் தயாரித்த 15 நிமிடத்தில் பூச்சு, பூசிய 15 நிமிடத்தில் டிஸ்க், டிஸ்க் வைத்த 15 நிமிடத்தில் இன்குபேட்டர்.

பூசும்போது ஸ்வாபைத் தோய்த்து, திரவத்துக்கு மேலே குழாயின் உள்சுவரில் அழுத்திச் சுழற்றிப் பிழிய வேண்டும். சொட்டச் சொட்டப் பூசுவதும் அடர்ந்த கலங்கலும் ஒன்றுதான். பிளேட் முழுக்கத் தேய்த்து, 60 டிகிரி திருப்பி மீண்டும் தேய்த்து, இன்னொரு முறை திருப்பித் தேய்த்து, கடைசியில் விளிம்பைச் சுற்றி ஒரு ஓட்டு. மூன்று முதல் ஐந்து நிமிடம் மூடியைச் சற்றே திறந்து உலரவிடலாம்.

டிஸ்க்

டிஸ்க் குப்பி ஃப்ரிட்ஜில் இருந்து வந்ததும் திறப்பது கெட்ட பழக்கம். குளிர்ந்த டிஸ்க் மீது காற்றின் ஈரம் படியும். சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். பெனிசிலின் வகை மருந்துகளின் மூலக்கூறுக்குள் இருக்கும் பீட்டா லாக்டாம் வளையம் நீர் பட்டால் உடையும். இமிபெனம், கிளாவுலானிக் அமிலம் கலந்த டிஸ்க்குகள்தான் முதலில் போகும். ஒன்று இரண்டு மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறங்கள். சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். நாளாந்த ஸ்டாக் 8 டிகிரிக்குக் கீழே, நீண்டகால ஸ்டாக் மைனஸ் 14 டிகிரி அல்லது அதற்கும் கீழே. தினமும் பனி உருகிக்கொள்ளும் ஃப்ரீசர் வேண்டாம். அது வெப்பத்தை ஏற்றி இறக்கி டிஸ்க்கைக் கெடுக்கும்.

டிஸ்க்கின் விட்டம் 6 மி.மீ. இரண்டு டிஸ்க்குகளின் மையங்களுக்கு இடையே குறைந்தது 24 மி.மீ. இருக்க வேண்டும். 90–100 மி.மீ. பிளேட்டில் ஐந்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஃபோர்செப்ஸால் மெல்ல அழுத்தி முழுதாக அகாரைத் தொடவைக்க வேண்டும். தப்பான இடத்தில் விழுந்துவிட்டால் நகர்த்தாதீர்கள்: தொட்ட நொடியிலேயே மருந்து இறங்கத் தொடங்கிவிடுகிறது. புது டிஸ்க்கை வேறிடத்தில் வைத்துவிட்டு விழுந்ததைக் கணக்கில் சேர்க்காமல் விடலாம்.

பிளேட்டைக் கவிழ்த்து உடனே இன்குபேட்டரில் வைக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு டிஸ்க் வைத்து, வகுப்பு முழுவதும் முடியும்வரை மேசையில் அடுக்கி, நாலு மணிக்கு இன்குபேட்டருக்குப் போன பிளேட்டில் மருந்து இரண்டு மணி நேரம் தனியாக ஓடியிருக்கிறது. வளையம் பெரிதாகும். ராத்திரி கரண்ட் போனாலும் அதேதான், பாக்டீரியா மெதுவாக வளரும், மருந்து காத்திருக்காது. உயரமாக அடுக்கினால் நடுப் பிளேட்டுகள் சூடேற நேரம் பிடிக்கும். ஐந்துக்கு மேல் அடுக்க வேண்டாம். வெப்பம் 35 டிகிரி, கூடக் குறைய 2. நம் கல்லூரிகளில் இன்குபேட்டர் நிரந்தரமாக 37-ல் இருக்கும். அது அனுமதித்த எல்லையின் மேல் விளிம்பு, ஒரு டிகிரி ஏறினால் வெளியே. எம்.ஆர்.எஸ்.ஏ. தேடும்போது 35-ஐத் தாண்டவே கூடாது, சூடு கூடினால் மெத்திசிலின் ரெசிஸ்டன்ஸ் வெளிப்படாமல் போகும்.

அளவு

16–18 மணி நேரம் கழித்து எடுத்து, கருப்புப் பின்னணி மேல் பிளேட்டின் அடிப்பக்கத்தை வைத்து, எதிரொளியில் அளக்க வேண்டும். பிளட் அகார் என்றால் மூடியைத் திறந்து மேலிருந்து. டிஸ்க்கின் 6 மி.மீ. சேர்த்ததே வளைய விட்டம். வளையமே இல்லையென்றால் 6 என்று எழுத வேண்டும், பூஜ்ஜியம் என்று எழுதக் கூடாது. எல்லை மங்கலாக இருந்தால் எதை எடுப்பது என்பதில் குழப்பம் வரும். பொதுவாகக் கண்ணுக்கு வளர்ச்சி முழுதும் நின்ற இடம். கோ-ட்ரைமாக்சசோலில் மட்டும் மெல்லிய வளர்ச்சியை விட்டுவிட்டு, 80 சதவீதம் குறைந்த இடத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் அந்த மருந்து பிடிக்கும் முன்பே பாக்டீரியா சில தலைமுறை பெருகிவிடுகிறது. புரோட்டியஸின் மெல்லிய திரை வளையத்துக்குள் நீந்தி வந்திருந்தால் அதையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் தெளிவான வளையத்துக்குள் தனித்தனிக் காலனிகள் நின்றால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று கல்ச்சர் கலப்படம், அல்லது ரெசிஸ்டன்ட் மியூட்டன்ட். எடுத்துத் தனியாக வளர்த்து, அடையாளம் பார்த்து, மீண்டும் சோதிக்க வேண்டும்.

எண்கள் வந்த பிறகு அட்டவணை. ஒரே எண் கிருமிக்குக் கிருமி வேறு பொருள் தரும். சிப்ரோஃப்ளாக்சசின் 5 மைக்ரோகிராம் டிஸ்க்கில் 28 மி.மீ. வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈ.கோலை என்றால் சி.எல்.எஸ்.ஐ. (எல்லைகளை வகுக்கும் அமெரிக்க அமைப்பு) கணக்கில் சென்சிடிவ், அங்கே எல்லை 26. டைஃபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லா என்றால் இன்டர்மீடியட்; அங்கே எல்லை 31. நாலிடிக்சிக் அமிலத்துக்கு ரெசிஸ்டன்ட் ஆகிவிட்ட டைஃபாய்டு கிருமிகளில், பழைய எல்லைப்படி சென்சிடிவ் என்று வந்தும் சிப்ரோ கொடுத்தவர்களுக்குக் காய்ச்சல் இறங்காமல் போனதால் அந்த எல்லையைத் தனியாக இறுக்கினார்கள். ஈ.கோலைக்கும் 2019-ல் எல்லை மாறியது: அதற்கு முன் 21 மி.மீ. இருந்தாலே சென்சிடிவ். பத்து வருடப் பழைய பிராக்டிகல் மேனுவலைப் பார்த்து எழுதுபவர், 22 மி.மீ.க்கு எஸ் போடுவார். இன்றைய அட்டவணையில் அது ஐ.

சி.எல்.எஸ்.ஐ., யூகாஸ்ட் இரண்டையும் கலப்பது அடுத்த விபத்து. ஈ.கோலைக்கு ஆம்பிசிலின் 10 மைக்ரோகிராம், 15 மி.மீ.: யூகாஸ்டில் சென்சிடிவ், சி.எல்.எஸ்.ஐ.யில் இன்டர்மீடியட். ரெக்கார்டில் எந்த அமைப்பு, எந்த ஆண்டு என்று எழுதாத எஸ்-ஐ-ஆர் அட்டவணைக்கு மதிப்பில்லை. யூகாஸ்ட் அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சி.எல்.எஸ்.ஐ.யின் எம்100 அட்டவணையையும் திரையில் காசில்லாமல் படிக்கலாம். பழைய ஜெராக்ஸுக்கு இனிச் சாக்கு இல்லை.

இந்த எல்லைகள் எங்கிருந்து வருகின்றன? நூற்றுக்கணக்கான ஸ்ட்ரெய்ன்களுக்கு எம்.ஐ.சி.யையும் (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவையும்) வளைய விட்டத்தையும் அளந்து, ஒரே வரைபடத்தில் புள்ளி வைத்து, எம்.ஐ.சி. எல்லையை மில்லிமீட்டராக மாற்றுகிறார்கள். ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் கோடு. சிறிய மூலக்கூறு விரைவாகப் பரவும், பெரியது நகராது. ஆகவே ஒரு மருந்தின் 30 மி.மீ. வளையம் இன்னொரு மருந்தின் 18 மி.மீ. வளையத்தைவிட “பலமானது” என்று சொல்வது அபத்தம். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாரில் அவ்வளவு மோசமாகப் பரவுவதால் டிஸ்க் வைத்துச் சோதிப்பதே ஏற்கப்படவில்லை. பிராத் மைக்ரோடைல்யூஷன்தான் (திரவ மீடியத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்ப்பது) செய்ய வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸுக்கு வான்கோமைசின் டிஸ்க்கும் அப்படியே.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லாமல் போக முடியவில்லை. எம்.எஸ்ஸி. பிராஜெக்டுகளில் பாதி, ஏதோ ஒரு மூலிகையின் மெத்தனால் சாறு. வேப்பிலையோ துளசியோ ஆடாதோடையோ, அகாரில் கிணறு குடைந்து ஊற்றி, 14 மி.மீ. வந்தது, பக்கத்தில் ஆம்பிசிலின் டிஸ்க்குக்கு 11 மி.மீ. வந்தது, எனவே சாறு ஆம்பிசிலினைவிடச் சிறந்தது என்று முடிவுரை. கிணற்றில் ஊற்றியது மில்லிகிராம் கணக்கில் கச்சாச் சாறு; டிஸ்க்கில் இருந்தது 10 மைக்ரோகிராம் தூய மருந்து. 11 மி.மீ. என்பதற்குப் பொருள் அந்த ஈ.கோலை ஆம்பிசிலினுக்கு ரெசிஸ்டன்ட் என்பது மட்டுமே. நீரில் கரையாத எண்ணெய்ப் பொருள் நல்ல மருந்தாகவே இருந்தாலும் அகாரில் பரவாமல் சின்ன வளையம் தரும். பலவீனமான, நன்கு கரையும் அமிலம் பெரிய வளையம் தரும். கரைப்பானை மட்டும் ஊற்றிய கிணறு பல ஆய்வேடுகளில் காணவே காணோம்.

இதற்குப் பதில் 96 கிணற்றுப் பிளேட் ஒன்று போதும். முல்லர்-ஹிண்டன் பிராத்தில் சாற்றை இரண்டிரண்டு மடங்காக நீர்த்து கிணற்றுக்கு 50 மைக்ரோலிட்டர். 0.5 மெக்ஃபார்லேண்ட் கலங்கலை பிராத்தில் நூறு மடங்கு நீர்த்து இன்னொரு 50. இரண்டும் சேர்ந்தால் மில்லிக்குச் சுமார் 5 × 10⁵ செல். டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானின் இறுதி அளவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அதே அளவு கரைப்பான் மட்டும் உள்ள கிணறு, பாக்டீரியா மட்டும், பிராத் மட்டும், சாறு மட்டும் என்று கன்ட்ரோல்கள். பச்சை நிறச் சாறு கலங்கலை மறைக்கும், ஆகவே மறுநாள் ரெசாசுரின் சேருங்கள். நீலமாகவே நின்றால் வளர்ச்சியில்லை, இளஞ்சிவப்பானால் உண்டு. வரும் எண் எம்.ஐ.சி. அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிளேட்டைத் திருப்பிப் படிப்பது

ஈ.கோலை ஏ.டி.சி.சி. 25922 என்ற தரக்கட்டுப்பாட்டு ஸ்ட்ரெய்னை ஒவ்வொரு முறையும் கூடவே போடுங்கள். சி.எல்.எஸ்.ஐ. வரம்பில் ஜென்டாமைசினுக்கு 19–26, செஃப்ட்ரையாக்சோனுக்கு 29–35, கோ-ட்ரைமாக்சசோலுக்கு 23–29 மி.மீ. வர வேண்டும். வெளியே போனால் அதன் வடிவத்திலேயே காரணம் தெரியும். எல்லா மருந்துக்கும் பெரிதாகப் போயிருந்தால் மெல்லிய அகார், நீர்த்த கலங்கல், அல்லது மேசையில் கிடந்த நேரம். எல்லாமே சிறிதென்றால் அடர்ந்த கலங்கல் அல்லது ஆழமான அகார். ஜென்டாமைசினும் சிப்ரோவும் மட்டும் சுருங்கி டெட்ராசைக்ளின் விரிந்திருந்தால் பி.ஹெச். மீட்டரை எடுங்கள். இமிபெனம் மட்டும் சுருங்கினால் டிஸ்க் குப்பிக்குள் ஈரம். கோ-ட்ரைமாக்சசோல் மட்டும் மங்கினால் தைமிடின்.

இதில் ஒரு ஓட்டை உண்டு, வைவாவில் நன்றாகக் கேட்கப்படக்கூடியது. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் டிஸ்க்கில் கிளாவுலனேட் மட்டும் கெட்டுப்போனால் 25922 அதைக் காட்டிக்கொடுக்காது. அந்த ஸ்ட்ரெய்னிடம் பீட்டா லாக்டமேஸ் கிடையாது. அமாக்சிசிலின் தனியாகவே அதைத் தடுத்துவிடும், வளையம் அழகாக வரும். டெம்-1 நொதி சுரக்கும் ஈ.கோலை 35218 தேவைப்படுவது இதற்காகத்தான். அதையும் ஸ்லான்டில் மாற்றி மாற்றிப் பல மாதம் ஓட்டினால் நொதியைச் சுமக்கும் பிளாஸ்மிட்டை இழந்துவிடும். மைனஸ் 70-ல் கிளிசராலில் வைத்து, அவ்வப்போது புதுக் குப்பி திறக்க வேண்டும். ஆம்பிசிலினுக்கு அது 6 மி.மீ. காட்டுகிறதா என்று பார்த்தால் பிளாஸ்மிட் இருப்பது உறுதி.

இத்தனையும் கைக்கு வந்த பிறகு டிஸ்க்கை வைத்து விளையாடலாம். ஸ்டஃபைலோகாக்கஸில் எரித்ரோமைசின் 15 மைக்ரோகிராம் டிஸ்க்கையும் கிளின்டாமைசின் 2 மைக்ரோகிராம் டிஸ்க்கையும் விளிம்புக்கு விளிம்பு 15 முதல் 26 மி.மீ. தூரத்தில் வையுங்கள். எரித்ரோமைசினுக்கு ரெசிஸ்டன்ட், கிளின்டாமைசினுக்கு சென்சிடிவ் என்று தெரியும் ஸ்ட்ரெய்னில், கிளின்டாமைசின் வளையம் எரித்ரோமைசின் பக்கத்தில் மட்டும் தட்டையாகி ஆங்கில டி எழுத்து மாதிரி வந்தால், இரண்டு மருந்துக்கும் ரெசிஸ்டன்ஸ் தரும் எர்ம் மரபணு உள்ளே இருக்கிறது. எரித்ரோமைசின் அதை உசுப்பிவிட்டிருக்கிறது. ரிப்போர்ட்டில் கிளின்டாமைசின் ரெசிஸ்டன்ட் என்றே போக வேண்டும். டிஸ்க்குகளை ரொம்பத் தள்ளி வைத்தால் தட்டை தெரியாமல் போகும்.

இன்னொன்று எம்.சி.ஐ.எம். என்ற சோதனை. மெரோபெனம் மாதிரியான மருந்துகளை உடைக்கும் கார்பபெனமேஸ் நொதியைப் பிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இந்தியாவில் இதற்கு நேரடித் தேவை உண்டு: அப்படிப்பட்ட என்.டி.எம்.-1 நொதி 2009-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த பாக்டீரியாக்களில் இருப்பது வெளிவந்தது. சந்தேகமுள்ள கிளெப்சியெல்லாவின் ஒரு 1 மைக்ரோலிட்டர் லூப் அளவை 2 மில்லி ட்ரிப்டிக் சோய் பிராத்தில் கலந்து, மெரோபெனம் 10 மைக்ரோகிராம் டிஸ்க் ஒன்றை உள்ளே மூழ்கவிட்டு, 35 டிகிரியில் 4 மணி நேரம். டிஸ்க்கை லூப்பால் எடுத்து, குழாய்ச் சுவரில் வடித்து, 25922 பூசிய முல்லர்-ஹிண்டன் பிளேட்டில் வைக்க வேண்டும். மறுநாள் 19 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால் மெரோபெனம் பிழைத்திருக்கிறது, நொதி இல்லை. 6 முதல் 15 வரை வந்தால் நொதி அதைத் தின்றுவிட்டது. 16–18 வளையத்துக்குள் ஊசிமுனைக் காலனிகள் வந்தாலும் நொதி உண்டு என்றே அர்த்தம். காலனி இல்லாத 16–18 இடைப்பட்டது, 19-க்கு மேல் வந்தும் உள்ளே காலனிகள் இருந்தாலும் முடிவு சொல்ல முடியாது, மீண்டும் போட வேண்டும். கூடவே இன்னொரு குழாயில் 0.5 மோலார் ஈ.டி.டி.ஏ. 20 மைக்ரோலிட்டர் சேர்த்துப் போட்டால், ஈ.டி.டி.ஏ. மெட்டல்லோ வகை நொதிக்குத் தேவையான துத்தநாகத்தைப் பறித்துக்கொள்ளும். அந்தக் குழாயின் டிஸ்க் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடுதலாக வளையம் தந்தால் என்.டி.எம். மாதிரியான மெட்டல்லோ வகை. ஈ.டி.டி.ஏ. குழாயை மட்டும் தனியாகப் போட்டுப் படிக்காதீர்கள், ஈ.டி.டி.ஏ. இல்லாத குழாய் பாசிடிவ் ஆனால்தான் அதற்குப் பொருள் உண்டு.